பழைய மாருதி எஸ்டீம் காரில் டர்போ: எந்தக் குறைக்கு எங்கே கை வைப்பது

எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவை மூன்றாவது முறையாகக் கழற்றி மேசைமேல் வைத்த இரவில்தான், கெடாத ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. நீலப் புகைக்குக் காரணம் டர்போ இல்லை. அதன் அடியிலிருந்து சம்புக்கு (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கும் ஒரு முழ நீள ரப்பர் ஹோஸ் நடுவில் தொட்டில்போலத் தொய்ந்திருந்தது. தொய்வை நிமிர்த்தியதும் புகை நின்றது. அதற்குள் இரண்டு மாதமும், டர்போவைப் பழுதுபார்க்கக் கொடுத்த பணமும் போயிருந்தன.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். குறைந்த செலவில் டர்போ பொருத்தியவர்கள் ஏதாவது தவறானதும் முதலில் சந்தேகப்படுவது டர்போவைத்தான். கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள் அது. ஆயில் வடிகால், பெட்ரோல், தீப்பொறி, காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பார்த்து முடிக்காமல் ஸ்பேனரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

என் வண்டி மாருதி எஸ்டீம்: 1.3 லிட்டர், 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்), 85 குதிரைத்திறன், கம்ப்ரஷன் விகிதம் 9.5:1. டர்போ, டீசல் ஸ்விஃப்ட்டின் 75 குதிரைத்திறன் இன்ஜினில் வரும் கேபி35. சென்னை புதுப்பேட்டையில் பழைய பொருளாக வாங்கியது. பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, அர்டுயினோ பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ. பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம், 0.4 பார், அதற்கு மேல் இல்லை. உங்களுடையது ஜென்னாகவோ பழைய ஹோண்டா சிட்டியாகவோ இருந்தாலும் அறிகுறிகள் இவையேதான். எண்கள் சற்று மாறும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், அதை விளக்கி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பை மாற்றக் கூடாது என்கின்றன. என் எஸ்டீம் லாரியில் ஏறி, கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய்த் திரும்பும் வண்டி. மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தனின் பெயரைத் தாங்கிய தடம் அது. கைக்கு எட்டிய சின்ன இன்ஜினை வைத்துப் பந்தயம் பழகுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. கீழே சொல்லும் சோதனைகளில் பூஸ்ட் ஏற்றிப் பார்க்க வேண்டியவை எல்லாம் தடத்திலோ டைனோவிலோ (வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டும் சோதனை மேடை) செய்ய வேண்டியவை.

எந்த அறிகுறி ஆனாலும் முதல் வேலை

ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்குகளும் வெளியே, ஆக்ஸிலேட்டர் முழுதாக மிதித்தபடி, பெட்ரோலும் தீப்பொறியும் துண்டித்த நிலையில். நான்கு சிலிண்டரும் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல் காட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் 1 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். தேய்ந்த இன்ஜினில் டர்போ தொடர்பான குறையைத் தேடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அளப்பதற்குச் சமம்.

ஐடிலில் நீலப் புகை, ஓட்டினால் குறைகிறது

இதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். அதிகம் பேரை ஏமாற்றும் அறிகுறி இதுதான்.

புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்தையும் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தையும் இணைக்கும் டர்போவின் தண்டு, ஆயில் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. ஆயில் மேலிருந்து அழுத்தத்தோடு நுழைகிறது. ஆனால் வெளியேறும்போது அதைத் தள்ள எந்த அழுத்தமும் இல்லை, தன் எடையால் மட்டுமே இறங்க வேண்டும். உள்ளே சுழன்று அடிபட்டு, மோர்போல நுரைத்து இறங்குகிறது. இரண்டு பக்கத்திலும் அதைத் தடுப்பது ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய இரும்பு வளையம். வடிகால் அடைபட்டு ஆயில் தேங்கினால் அந்த வளையத்தைத் தாண்டி டர்பைன் பக்கம் கசிந்து, சைலன்சரில் நீலப் புகையாக வரும். எவ்வளவு புதிய டர்போவைப் போட்டாலும் அதே புகைதான்.

சோதனை எளிது. வடிகால் ஹோஸைச் சம்பு முனையில் மட்டும் கழற்றி, அகன்ற வாயுள்ள ஒரு டப்பாவுக்குள் விடுங்கள். சம்பின் துளையை ஒரு ரப்பர் மூடியால் அடையுங்கள். இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஐடிலில் ஓட்டுங்கள்; சம்பிலிருந்து ஆயில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சைலன்சரில் ஏற்கெனவே ஊறிய ஆயில் எரிந்து தீர வேண்டும் என்பதால், டப்பாவில் பிடித்த ஆயிலை ஊற்றிவிட்டு இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். புகை மெல்ல மெல்லக் குறைந்தால் டர்போ நல்லது. குறை வடிகாலிலோ, சம்புக்குள் ஏறியிருக்கும் அழுத்தத்திலோ இருக்கிறது. குறையவே இல்லை என்றால் மட்டும் டர்போவைச் சந்தேகிக்கலாம்.

வடிகால் எப்படி இருக்க வேண்டும்? உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 16 கிடைத்தால் நல்லது. மேலிருந்து கீழ்வரை சரிவு எங்கும் மாறக் கூடாது. சம்பில் சேரும் துளை, ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நான் முதலில் போட்ட துளை டிப்ஸ்டிக்கின் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) மேல் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. லேத் பட்டறை அண்ணன் சம்பைத் திருப்பிப் பார்த்து, "தண்ணிக்குள்ள குழாயை விட்டா எப்படித் தம்பி வடியும்?" என்று கேட்டார். பழைய துளையை அடைத்து, மேலே புதிதாக ஒரு குழாயை வெல்டு செய்து தந்தார். டர்போவின் நடுப்பகுதியைத் திருப்பிப் பொருத்தும்போது வடிகால் வாய் நேர்க்கீழிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

பூஸ்ட் ஏறும்போது நீலப் புகை, டிப்ஸ்டிக் வெளியே தள்ளப்படுகிறது

இது வேறு நோய். பூஸ்ட்டில் காற்று, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) பிசிவி வால்வு (இன்ஜின் அடியின் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் ஒருவழி வால்வு) வழியாகத் திரும்பி, இன்ஜினின் அடிவயிற்றுக்குள் ஏறுகிறது. பிசிவி வால்வைக் கழற்றி மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து வாயால் ஊதுங்கள். காற்று போனால் மாற்றுங்கள். புதியதும் லேசாக விடுகிறது என்றால் பிரேக் பூஸ்டர் குழாயில் வரும் ஒருவழி வால்வு ஒன்றைத் தொடராகப் போடலாம். அதற்குப் பிறகும் டிப்ஸ்டிக் எழுந்தால் ரிங் வழியே காற்று இறங்குகிறது; கம்ப்ரஷன் எண்களுக்குத் திரும்பிப் போங்கள்.

மேடேறும்போது கணகணவென்ற சத்தம்

உடனே காலை எடுங்கள். மற்ற எல்லாக் குறைகளும் காத்திருக்கும், நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) காத்திருக்காது.

சோடா பாட்டிலுக்குள் கோலிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு உலோகச் சத்தம் வரும். சில நேரம் டர்போ சத்தத்திலும் காற்றிலும் அது காதுக்கே எட்டாது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானைச் சூரிய ஒளியில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். மிளகுத் தூள் தூவியதுபோல நுண்ணிய கரும்புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. அந்தப் புள்ளிகளுக்கிடையே வெள்ளிபோல மினுக்கும் துகள்கள் இருந்தால் அவை பிஸ்டனின் அலுமினியம். என் மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில் அப்படி நான்கு துகள்களைப் பார்த்தேன். கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அன்று ஓட்டத்தை அத்தோடு நிறுத்தியதால்தான் அந்த பிஸ்டன் இன்றும் ஓடுகிறது.

காரணம் ஐந்து இடங்களில் இருக்கலாம். வெப்பத்தை முதலில் எடுங்கள். 35 டிகிரிக் காற்றை 0.4 பாருக்கு அழுத்தினால், 65 சதவீதத் திறனில் இயங்கும் கம்ப்ரஸரிலிருந்து அது ஏறக்குறைய 83 டிகிரியில் வெளிவரும். 9.5:1 கம்ப்ரஷனுள்ள இன்ஜினுக்குள் இந்தக் காற்று அப்படியே போகக் கூடாது. பழைய டீசல் காரின் இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) ஒன்றே இதற்குப் போதும். இன்டர்கூலரை விட்டுவிட்டுப் பூஸ்ட் கேஜுக்குச் செலவழிக்காதீர்கள். இது இன்றைய சிக்கலும் இல்லை. 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் தன் ஜெட்ஃபயர் காரில் 10.25:1 கம்ப்ரஷனோடு டர்போ வைத்தபோது, நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து தெளிக்க வேண்டியிருந்தது. தொட்டியை நிரப்ப மறந்த உரிமையாளர்களால் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை.

அடுத்தது டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். ஒவ்வொரு 0.07 பார் பூஸ்ட்டுக்கும் 1 டிகிரி பின்னுக்கு இழுப்பது பாதுகாப்பான தொடக்கம், 0.4 பாருக்கு 6 டிகிரி. இசியு திரையில் தெரியும் டிகிரியை நம்பி உட்காராமல் டைமிங் லைட்டால் கிராங்க் புல்லியில் சரிபாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் சற்றே திரும்பியிருந்தால் திரை ஒன்று சொல்லும், இன்ஜின் வேறொன்று செய்யும்.

பிளக் கம்பெனி பிளக்கைவிட ஒரு படி குளிர்ந்த ரகமாக (வெப்பத்தை வேகமாக வெளியேற்றும் ரகம்) இருக்க வேண்டும். பெட்ரோலில் 95 ஆக்டேனுக்குக் குறையாததைப் போடுங்கள். இவை நான்கும் சரி, சத்தம் மட்டும் இருக்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. அடுத்த பகுதி அதற்குத்தான்.

பூஸ்ட்டில் லாம்டா ஏறுகிறது, இழுவை தளர்கிறது

லாம்டா என்பது பெட்ரோலுக்கு ஏற்ற காற்று இருக்கிறதா என்று காட்டும் எண்: 1 என்றால் சரிசமம், ஏற ஏறப் பெட்ரோல் குறைவு. அதை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரும் ஒரு எளிய கட்டுப்பாட்டுப் பெட்டியும் போதும். பூஸ்ட்டில் லாம்டா 0.80 முதல் 0.82 வரை நிற்க வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது முழுதாக எரியத் தேவையான காற்று விகிதம் 14.7 இல்லை, சுமார் 13.5. அதனால் விகித எண்களைப் பார்த்துக் குழம்பாமல் கேஜை லாம்டாவில் வையுங்கள். எந்தப் பெட்ரோலுக்கும் 0.80 என்பது 0.80தான்.

லாம்டா 0.90-ஐ நோக்கி ஏறினால் பழைய எஸ்டீமில் முதல் சந்தேகம், மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். கம்பெனி சென்சார் சாதாரணக் காற்றழுத்தம் வரைக்கும்தான் அளக்கும். அதற்கு மேல் பூஸ்ட் எவ்வளவு ஏறினாலும் அதே எண்ணைத்தான் காட்டும். இசியு பூஸ்ட்டையே பார்க்காதபோது பெட்ரோலை எப்படிக் கூட்டும்? ஸ்பீடுயினோவில் வரும் எம்பிஎக்ஸ்4250 சென்சார் 2.5 பார் வரை அளக்கும், ஆகவே அதில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து இன்ஜெக்டர். கணக்கு இதோ: 115 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்போ இன்ஜினுக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு 270 கிராம் என்றால் மொத்தம் 31 கிலோ. நான்கால் வகுத்து, இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 220 மில்லி தர வேண்டும். எத்தனாலுக்காக இன்னும் 7 சதவீதம் கூட்டி 240 என்று வையுங்கள். பழைய இன்ஜெக்டர்களை வாங்கினால் நான்கையும் ஒரே நேரத்தில் அளவுக் குவளைகளில் விட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் குறைவாகத் தெளித்தால் அந்த ஒரு சிலிண்டர்தான் முதலில் உருகும். பொதுக் குழாயில் இருக்கும் லாம்டா சென்சார் அதைக் காட்டிக் கொடுக்காது.

பெட்ரோல் அழுத்தத்தையும் ஓட்டத்திலேயே பார்க்க வேண்டும். ரெகுலேட்டரின் வாக்குவம் குழாய் மேனிஃபோல்டோடு இணைந்திருந்தால், பூஸ்ட் 0.4 ஏறும்போது ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தமும் அடிப்படையைவிட 0.4 ஏற வேண்டும். ஏறாமல் சரிந்தால் பம்ப் களைத்துவிட்டது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்புக்கு வரும் வயர் மெலிந்திருக்கிறது. இருபது வருட வண்டியில் வயரையும் சும்மா விடாதீர்கள். பூஸ்ட் ஏறும்போது பம்ப் முனையில் வோல்ட்டேஜை அளந்து, 12-க்குக் கீழே இறங்கினால் ரிலே வைத்துத் தனி வயர் இழுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: சைலன்சர் பக்கக் கசிவும், எரியாமல் போகும் சிலிண்டரும் லாம்டாவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். வண்டி வெட்டி வெட்டி ஓடுகிறது, லாம்டாவும் ஏறுகிறது என்றால் பெட்ரோலைக் கூட்டும் முன் கீழே உள்ள பகுதியைப் படியுங்கள்.

பூஸ்ட்டில் மிஸ்ஸிங் அடிக்கிறது, பூஸ்ட் இல்லாமல் நன்றாக ஓடுகிறது

அழுத்தம் கூடிய காற்றில் தீப்பொறி தாவுவது கடினம். பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டராக இருந்தால் 0.7-க்குக் குறையுங்கள். ஐந்து நிமிட வேலை. பாதிக்கு மேற்பட்ட நேரம் குறை இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார், பிளக் வயர். இருட்டில் பானெட்டைத் திறந்து, ஸ்பிரே குப்பியால் வயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒருவரை ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். நீலக் கோடு தாவும் இடம் கண்ணுக்கே தெரியும்.

பூஸ்ட் ஏறவே இல்லை

இன்ஜின் குளிர்ந்தபின் கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் டர்போவை விட்டுவிடுங்கள். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடும்; ஆயில் இல்லாத நிலையில் அது இயல்பு. முன்னும் பின்னுமாக இழுத்தால் ஆடவே கூடாது. சக்கரம் ஓட்டில் உரசக் கூடாது.

பிறகு காற்றுக் கசிவு. கம்ப்ரஸர் வாய்க்குச் சரியான ஒரு பிவிசி மூடியில் சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, 0.5 பார் காற்றை விட்டு எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பதைப் போலத்தான். என் வண்டியில் குமிழ் வந்த இடம், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு. கண்ணால் மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

அங்கேயும் இல்லையென்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். டர்பைனுக்கு முன்னால் கசிந்தால் டர்போவைச் சுற்றும் வேகம் அங்கேயே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று வந்து சூடேறியதும் மறையும் சத்தமும், வெல்டிங் அருகே கரும்புகைத் தடமும் அடையாளம். வீட்டில் செய்த மேனிஃபோல்டுக்கு மெல்லிய குழாய் எடுக்காதீர்கள். சி கிளாஸ் இரும்புப் பைப்பும் தடித்த பெண்டும் எடை கூடினாலும் நிற்கும். டர்போவின் எடையை இன்ஜின் பிளாக்கோடு சேர்த்து ஒரு தாங்கியால் பிடியுங்கள். இல்லாவிட்டால் வெல்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விரியும்.

பூஸ்ட் குறித்த அளவைத் தாண்டி ஏறுகிறது

வேஸ்ட்கேட் (மிஞ்சும் புகையை டர்பைனைச் சுற்றி வெளியே விடும் கதவு) குழாய் கழன்றிருக்கிறதா, ஓட்டையா என்று பாருங்கள். குழாய் சரி, சுழற்சி கூடக் கூட பூஸ்ட்டும் மெல்ல ஏறுகிறது என்றால் வேஸ்ட்கேட் துளை போதவில்லை. துளையை ராவி அகலமாக்க வேண்டும். அது முடியும்வரை அந்த வண்டியை முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டாதீர்கள். இசியுவில் பூஸ்ட் வெட்டும் எல்லையை 0.5 பாரில் வையுங்கள்.

5,000 சுழற்சிக்கு மேல் மூச்சு வாங்குகிறது

கேபி35 போட்ட பெட்ரோல் வண்டியில் இது குறையே இல்லை. அந்த டர்போ, 4,000 சுழற்சியில் உச்சத் திறனைத் தொடும் டீசல் இன்ஜினுக்காகச் செய்யப்பட்டது. 6,000-இல் பெட்ரோல் இன்ஜின் விடும் புகை அந்தச் சின்ன டர்பைனில் நெருக்கியடிக்கும். பூஸ்ட்டைக் கூட்டினால் வெப்பம்தான் கூடும். என் வண்டியில் சுழற்சி எல்லையை 5,500-ஆகக் குறைத்துவிட்டேன். செட்டிபாளையத்தின் குறுகிய வளைவுகளிலிருந்து வெளியேறும்போது 2,500-இலேயே கிடைக்கும் இழுவை எனக்கு அதைவிட மதிப்புள்ளது.

இதே காரணத்தால் வெப்பத்தையும் மனத்தில் வையுங்கள். டீசலின் எக்ஸாஸ்ட் வெப்பம் பொதுவாக 800 டிகிரிக்குள் நிற்கும். பூஸ்ட்டில் பெட்ரோல் 900-ஐத் தாண்டும். இந்த டர்போவில் தண்ணீர்க் குளிர்ச்சியும் இல்லை. தடத்திலிருந்து வந்ததும் சாவியைத் திருப்பி அணைத்தால், நின்ற ஆயில் உள்ளே கருகிக் கட்டியாகும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஆயிலை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை

இதற்கு மட்டும் எந்தச் சோதனையும் செய்து பார்க்காதீர்கள். வண்டியை அணையுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உள்ளிருந்து ஊறி, மெத்தென்றாகி, கிளாம்ப் அருகே வெடிக்கின்றன. கீழேயே சிவக்கக் காய்ந்த டர்பைன் இருக்கிறது. டேங்கிலிருந்து ரெயில்வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். டர்போ வாங்கும் முன்பே, பட்டியலின் முதல் வரியாக, அந்தச் செலவை எழுதிக்கொள்ளுங்கள்.